மதகைப் பார்த்துவிட்டு வந்தேன்

‘தி ஃபிஷர் கிங்’ படத்தில் ஜெஃப் பிரிட்ஜஸ் அந்தக் கோப்பைக்காகச் சுவரேறும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் பார்க்க முடிந்தது.

1991இல் டெர்ரி கில்லியம் எடுத்தது. துப்பாக்கிச் சூட்டில் மனைவியைக் கண்ணெதிரே பறிகொடுத்துப் புத்தி பேதலித்த பேராசிரியராக ராபின் வில்லியம்ஸ். சுட்டவனை வானொலியில் வாய்க்கு வந்தபடி பேசி உசுப்பியவர் பிரிட்ஜஸ். நியூயார்க்கில் ஒரு பணக்காரர் வீட்டில் இயேசுவின் கோப்பை இருப்பதாக வில்லியம்ஸ் நம்புகிறார். பழைய நினைவு கிட்டே வந்தாலே நெருப்பு கக்கும் சிவப்பு வீரன் குதிரையில் துரத்துகிறான். அந்தக் குதிரையைக் காட்டிய விதத்துக்காகவே கில்லியமைக் கும்பிடலாம். பயம் உள்ளே இருப்பவருக்கு அது அப்படித்தான் வரும். கடைசியில் பிரிட்ஜஸ், நம்பிக்கையில்லாமலே போய் அந்தப் பரிசுக் கோப்பையை எடுத்து வந்து கையில் வைக்கிறார். நினைவிழந்து ஆஸ்பத்திரியில் கிடந்த வில்லியம்ஸ் விழிக்கிறார்.

மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளரான எனக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. நோயாளியின் பிரமையோடு மல்லுக்கட்டாதே, அதற்கு ஆமாம் சாமியும் போடாதே.

பங்குனியில், நான் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நோயாளி ஒருவர் கேட்டது இதுதான்: “தம்பி, போற வழிதானே? மதகு ஷட்டர் எறங்கியிருக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. என்னைய விடமாட்டேங்குறா.”

ஓய்வுபெற்ற லஸ்கர், அதாவது மதகைத் திறந்து மூடும் ஊழியர். வெண்ணாற்றில் மகன் போனபிறகு, ராத்திரியில் மதகு தானாகத் திறந்து ஊர் மூழ்கப்போகிறது என்று எழுந்து ஓடுவார். ஆற்றில் அப்போது மணல்தான் கிடந்தது. சங்கிலி போடலாமா என்றுகூட வீட்டில் பேச்சு எழுந்தது. 2001இல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில், கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல், 28 பேர் செத்ததைச் சொல்லித்தான் அதை நிறுத்தினேன்.

“பாக்குறேங்கய்யா” என்றேன். அவர் வீட்டு அம்மா நிலைப்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போனேன். திருகுக் கம்பியில் கிரீஸ் காய்ந்து தூசி அப்பியிருந்தது. சக்கரத்தில் பூட்டு. திரும்பி வந்து, “எறங்கித்தான் இருக்கு, பூட்டியிருக்கு” என்றேன்.

“பூட்டு எந்தப் பக்கம்?”

“மேற்கால.”

தலையாட்டினார். அன்று ராத்திரி எழவேயில்லையாம்.

“நீங்க மதகைப் பாக்கல, அவர் பயத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க” என்றார் எங்கள் டாக்டர். அந்த வாரம்தான் ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார். தூக்கம் அதனால் வந்தது என்பது அவர் கணக்கு. இருக்கலாம். ஆனால் நாக்கடியில் ஒதுக்கித் துப்பிக்கொண்டிருந்த மனிதர், நான் போய்ப் பார்த்து வந்தபிறகுதான் மாத்திரையை ஒழுங்காக விழுங்கினார். அது எந்தக் கணக்கில் வரும்? நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை என்றும் வாதாடினேன். அப்புறம் யோசித்தால், பொய்யில்லாமலே ஆமாம் சாமி போடலாம் என்றும் தோன்றுகிறது.

படத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. வில்லியம்ஸ் விழித்ததும் ஆஸ்பத்திரியே சேர்ந்து பாடுகிறது, முடிந்தது. கோப்பையை ஒருமுறை எடுத்தால் போதும். இவருக்கோ ஒவ்வொரு வீட்டுப் பார்வையிலும் நான் மதகுக்குப் போய் வர வேண்டியிருக்கிறது. மறந்தால் கேட்கிறார்.

ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, கல்லணையும் திறந்தாகிவிட்டது. ஷட்டர் இப்போது நிஜமாகவே ஏறியிருக்கிறது. வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போகவேண்டும். டாக்டரிடம் இன்னும் கேட்கவில்லை.