பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு, பையில் 340 ரூபாய்

புயல் நேரத்தில் ராமேஸ்வரம் கிளம்பினேன். ரயில் மண்டபம் ஸ்டேஷனோடு நின்றுவிட்டது. காற்று அளவுக்கு மீறி அடித்தால் பாம்பன் பாலத்தில் ரயிலை விடமாட்டார்கள். 2025-ல் திறந்த புதுப் பாலத்துக்கும் அதே விதிதான். அதில் எனக்கு வருத்தமில்லை. "ராமேஸ்வரத்துக்கு எழுநூறு சார், இதுக்கப்புறம் ரோட்டுப் பாலத்தையும் மூடிருவாங்க" என்றாரே ஓர் ஆட்டோக்காரர், அதில்தான் வயிறு எரிந்தது. இருபது கிலோமீட்டர்கூட இல்லை! கால் மணி நேரம் நனைந்ததும் அரசுப் பேருந்து வந்தது. சில்லறைக் காசில் வேலை முடிந்தது.

பேருந்தைப் புகழமாட்டேன். ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டு, பாலத்தின் மேல் ஏறியதும் மழை படுக்கைவாட்டில் உள்ளே வந்தது. இடப்பக்கம் பாக் விரிகுடா. உள்ளூரில் அதைப் பெண்கடல் என்பார்கள், அவ்வளவு சாது. ஆனால் வடகிழக்குப் பருவக்காற்று நேரத்தில் ஆட்டம் போடுவது அதுதான். ஆண்கடலான மன்னார் வளைகுடா அன்று அதைவிட அடக்கமாகக் கிடந்தது.

இது தெரியாமல் அக்னி தீர்த்தம் பக்கமாகக் கடல் பார்த்த அறையை 1,400 ரூபாய்க்குப் பிடித்து வைத்திருந்தேன். முட்டாள்தனம். உள்ளே போனால் ஜன்னல் கண்ணாடி மத்தளம் வாசிக்கிறது. கெஞ்சிக் கூத்தாடி, உள் தெருவில் கான்கிரீட் கட்டடத்தில், முதல் மாடியில் 800 ரூபாய் அறைக்கு மாறினேன். நவம்பர், டிசம்பரில் போகிறவர்கள் அறை எடுக்குமுன் ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேளுங்கள். கடல் தெரியுமா என்று கேட்காதீர்கள்.

போவது, தங்குவது, சாப்பிடுவது என்று வரிசையாக எழுத நினைத்தேன். அதற்குள் கூண்டு வந்து குறுக்கே நிற்கிறது. பாம்பன் துறைமுகத்தில் அன்று 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். 1, 2 என்றால் ஆபத்து எங்கோ தூரத்தில். 3, 4 உள்ளூருக்கான எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். எல்லாம் கப்பல்காரர்களுக்கான கணக்கு. "கூண்ட விடுங்க தம்பி, போட்டப் பாருங்க" என்றார் டீக்கடைக்காரர். கடலுக்குப் போக அனுமதிக்கும் மீன்பிடி டோக்கனை நிறுத்தியிருந்தார்கள், விசைப்படகுகள் ஒன்றோடொன்று கட்டிக் கிடந்தன. தீவை விட்டு வெளியேற இருப்பது ஒரே சாலை. படகு கரை ஏறும்போதே நாமும் கிளம்புவதுதான் புத்தி. நான் கிளம்பவில்லை என்பது வேறு விஷயம்.

அன்றும் ஒரு வேன்காரர் தனுஷ்கோடிக்கு 1,500 கேட்டார். போலீஸ் தடுப்பு போட்டாயிற்றே என்றால், "தெரிஞ்சவருதான், விட்ருவாரு" என்கிறார். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் ரயிலைக் கடல் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு விழுங்கிய இடம் அது. அங்கே செல்ஃபிக்காக ஆள் பிடிக்கிறார்கள்.

ராத்திரி மின்சாரம் போனது, டவரும் போனது. ஜிபேயை நம்பி வந்தவன் கையில் 340 ரூபாய். பேருந்து நிலையம் போகிற வழியில் ஒரு மெஸ்ஸில் மட்டும் மெழுகுவர்த்தி வெளிச்சம். சுடுகஞ்சி, சுட்ட நெத்திலிக் கருவாடு, தேங்காய்த் துவையல். கடலுக்கே போகாத நாளில் வேறென்ன கிடைக்கும்? ஆனால் அந்தக் கருவாட்டுக்காக இன்னொரு புயலில்கூட மாட்டிக்கொள்வேன். 60 ரூபாய்க்கு 200 ரூபாய்த் தாளை நீட்டினேன். "சில்லறை இல்ல தம்பி, காலைல குடுங்க" என்றார் அந்த அக்கா.

ஆக, சில்லறையாகப் பணம், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், ஒரு டார்ச். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள், போன் செத்தால் யாரிடமாவது வாங்கி அடிக்கலாம்.

காலையில் காற்று தணிந்திருந்தது. மெஸ் பூட்டிக் கிடந்தது. பக்கத்துப் பெட்டிக்கடையில் 60 ரூபாயைக் கொடுத்துவிட்டு முதல் பேருந்தைப் பிடித்தேன். மண்டபத்தில் அந்த எழுநூறு ரூபாய் ஆட்டோ அதே இடத்தில் நின்றது.