வழியில் இருந்த நாடு: ஜார்ஜியாவிலிருந்து ஆர்மீனியாவுக்கு

துருக்கியில் கார்ஸ் என்ற ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆனிக்குப் போய்விடலாம். இடிந்து கிடக்கும் பழைய நகரம் அது. ஒரு காலத்தில் ஆர்மீனிய அரசர்களின் தலைநகரம். அதன் ஓரத்தில் பள்ளத்தில் அகுரியன் ஆறு ஓடுகிறது. அக்கரை ஆர்மீனியா. குரல் கொடுத்தால் கேட்கும் தூரம்தான், ஆனால் போக முடியாது. துருக்கி ஆர்மீனியாவுடனான எல்லையை 1993லேயே மூடிவிட்டது. வடக்கே ஜார்ஜியாவுக்குள் நுழைந்து, சுற்றிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

ஜார்ஜியா என் பயணத்தில் வந்தது இப்படித்தான். ஒரு வாரம் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். தலைநகர் திபிலீசியை விட்டுக் கிளம்பியபோது 28 நாள் ஆகியிருந்தது. விசா 30 நாளுக்கு.

ஆர்மீனியாவுக்கு இணையத்திலேயே விசா வாங்கிவிடலாம். 21 நாள், 120 நாள் என்று இரண்டு வகை. நான் 21 நாள் எடுத்தேன். விண்ணப்பத்தில் முதல் தடங்கல், தமிழர் பலருக்கும் பழகியதுதான்: என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. படிவத்தில் அதைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போகவில்லை. என் பெயரையே இரண்டு கட்டத்திலும் போட்டேன். அடுத்தது பணம். கார்டில் கட்டினால் ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். நான் செலவு மிச்சம் என்று ரோமிங்கை நிறுத்தி வைத்திருந்தேன். அதைத் திரும்பப் போட்டு, குறுஞ்செய்தி வந்து சேர்வதற்குள் ஒரு சாயங்காலம் முழுக்கப் போய்விட்டது. விசா மூன்று வேலை நாளில் மின்னஞ்சலில் வந்தது. நடுவில் சனி, ஞாயிறு வந்ததால் எனக்கு ஐந்து நாள். கையில் இருக்கும் விசா முடிய பத்து நாள் இருக்கும்போதே அடுத்த நாட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். எனக்கும் இது தெரியாமல் இல்லை. விண்ணப்பித்துவிட்டால் கிளம்புவது உறுதியாகிவிடுமே என்றுதான் தள்ளிக்கொண்டே போனேன்.

கடைசி நாளை மூட்டை கட்டுவதில் கழிக்கக் கூடாது என்று முடிவு செய்து, முந்தின நாளே பையைக் கட்டி வைத்துவிட்டேன். காலையில் திபிலீசியின் அவ்லபாரி பக்கம் தினமும் ரொட்டி வாங்கிய கடைக்குப் போனேன். தெருவிலிருந்து நாலு படி கீழே இறங்க வேண்டும். உள்ளே தோனே என்கிற வட்ட மண் அடுப்பு, நம் உறைகிணறு மாதிரி. ரொட்டி போடுகிறவர் மாவை இரண்டு கையாலும் இழுத்துப் படகு போல நீளமாக்கி, இடுப்புக்கு மேலே உடம்பு முழுவதும் அடுப்புக்குள் போகும்படி குனிந்து, உள்சுவரில் அறைந்துவிட்டு நிமிர்வார். ஒரு மூச்சு நேரம். திரும்பவும் குனிவார். வெந்ததை நீளக் கம்பியால் கிளப்பி எடுப்பார். ஷோத்தி என்று அதற்குப் பெயர். இரண்டு நுனியும் மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சு போல. 28 நாளில் எத்தனை தின்றிருப்பேன் என்று கணக்கே இல்லை. அன்றைக்கு நான்கு வாங்கினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு ஜார்ஜிய மொழி பத்து வார்த்தை. "ஏரெவான்" என்று ஆர்மீனியத் தலைநகரின் பெயரைச் சொல்லி, தெற்கே கை காட்டினேன். அவர் ஐந்தாவதாக ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

தங்கியிருந்த வீட்டம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். நான் அவரை பெபோ என்றுதான் கூப்பிடுவேன். பாட்டி என்று அர்த்தம். வாசலில் நிற்கும்போது என் பையின் பக்கவாட்டில் இரண்டு சுர்ச்கேலாவைச் செருகினார். வால்நட் பருப்பை நூலில் கோத்து, காய்ச்சிய திராட்சைச் சாற்றில் முக்கிக் காயவைப்பது அது. பார்க்க மெழுகுவத்தி போல இருக்கும். என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார். எங்கள் அப்பத்தா செய்வதும் இதேதான்.

அவ்லபாரி மெட்ரோ வாசலிலேயே ஏரெவான் போகும் வேன்கள் நிற்கும். ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். இரவு ரயிலும் உண்டு, ஆனால் நாடு முடிகிற இடத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று வேனில் ஏறினேன்.

ஒன்றரை மணி நேரத்தில் சதாக்லோ எல்லை. பையுடன் இறங்கி வரிசையில் நின்றேன். ஜார்ஜியப் பக்கத்தில் பாஸ்போர்ட்டைப் புரட்டி, வெளியேறும் முத்திரையைக் குத்தி நீட்டினார்கள், அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஏனோ அந்த வேகம் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தெபெத் ஆற்றின் மேல் பாலம், அக்கரை பக்ரதாஷென். அங்கே அதிகாரி விசாத் தாளையும் பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஏன் ஒரே பெயர் இரண்டு முறை என்று கேட்டார். எங்கள் ஊரில் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை என்று விளக்கினேன். இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பத்து நிமிடம் கழித்து முத்திரை விழுந்தது. விசாவை அச்சடித்து வைத்திருந்தது அப்போது உதவியது.

ஜார்ஜியப் பணத்துக்கு லாரி என்று பெயர், ஆர்மீனியப் பணத்துக்குத் திராம். மிச்சம் இருந்த லாரி நோட்டுகளை எல்லையிலேயே திராமாக மாற்றிக்கொண்டேன். உள்ளே போகப் போக அவற்றை மாற்றுவது சிரமம். ஒரு லாரி நாணயம் மட்டும் வைத்துக்கொண்டேன்.

பலகைகளில் எழுத்து மாறியிருந்தது. உருண்டை உருண்டையான ஜார்ஜிய எழுத்து போய், கொக்கி கொக்கியாக ஆர்மீனிய எழுத்து. மெஸ்ரோப் மஷ்தோத்ஸ் 405இல் உருவாக்கியது. இந்த எழுத்தில் வந்த முதல் செய்தி இதழான 'அஸ்தரார்' அச்சானது நம் மதராசில், 1794இல். அங்கே அரண்மனைக்காரத் தெருவில் ஆர்மீனியர்கள் கட்டிய மாதா கோயில் இன்னும் நிற்கிறது. பல முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், அப்போதெல்லாம் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. அந்தப் பலகைகளைப் பார்த்த பிறகுதான் வந்த நாட்டின் மேல் எனக்குக் கொஞ்சம் கவனம் திரும்பியது.

சாலை தெபெத் பள்ளத்தாக்கை ஒட்டியே போகிறது. மேலே மலைத்தட்டில் பத்தாம் நூற்றாண்டு மடங்கள், ஹாக்பாத்தும் சனாஹினும். அவற்றைப் பார்ப்பதற்காக ஏரெவான் வரை போகாமல் அலவெர்தியில் இறங்கிக்கொண்டேன். ஒரு கடையில் தண்ணீர் வாங்கினேன். வாய் தானாக "மத்லோபா" என்றது. ஜார்ஜிய மொழியில் நன்றி. கடைக்காரம்மா சிரித்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்த "ஷ்னோர்ஹகாலுத்யுன்" என்ற நீள வார்த்தையைத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் கையை ஆட்டி, "மெர்சி, மெர்சி" என்று சொல்லிக் கொடுத்தார். அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்களாம்.

வாசல் படியில் உட்கார்ந்து ஐந்தாவது ரொட்டியைப் பிரித்தேன். நடுவில் இன்னும் மெத்தென்றுதான் இருந்தது. பாதியை அவருக்குக் கொடுத்தேன்.