கிளாண்டு கயிறு: ஒரு கராஜ் நாட்குறிப்பு

ஜூன் 11, 2024, செவ்வாய்

காலையில் வழக்கம்போல எழுந்து, குளித்து, சட்டையும் மாட்டிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, வேலை போய்விட்டது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய பனியனோடு கராஜுக்குப் போனேன். என் பழைய பான்டியாக் ஜிடிஓ காரின் இஞ்சின் ஸ்டாண்டில் தலைகீழாகத் தொங்குகிறது. மார்ச்சிலிருந்து அப்படித்தான். சனிக்கிழமை ஒரு மணி நேரம், ஞாயிறு ஒன்றரை மணி நேரம் என்று கிள்ளிக் கிள்ளிச் செய்த வேலை. இனி நேரத்துக்கா பஞ்சம்.

வேலை இல்லாமல் இந்த நாட்டில் இருக்க அறுபது நாள்.

ஜூன் 12, புதன்

ஒன்றும் செய்யவில்லை.

ஜூன் 14, வெள்ளி

மிச்சிகனில் எங்கள் ஊரான ட்ராய் முழுக்கக் காட்டன்வுட் மரத்துப் பஞ்சு பறக்கிறது. இலவம்பஞ்சு மாதிரி, ஆனால் இன்னும் பொடிசு. கராஜ் கதவைத் திறந்தால் பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்க் தண்டின் மேல் பூசிய எண்ணெயில் வந்து ஒட்டிக்கொள்கிறது. மூடினால் புழுக்கம். மூன்று தடவை துடைத்தேன். கடைசியில் படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து இஞ்சினுக்குப் போர்த்தினேன். நல்ல விரிப்பாம். இவள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். வேறு நாளாக இருந்தால் நடக்கிற கதையே வேறு.

ஜூன் 16, ஞாயிறு

எதிர்வீட்டுப் பெரியவர் வந்தார். பக்கத்து ஊரான பான்டியாக்கில், பான்டியாக் கார் ஆலையில், முப்பது வருஷம் வேலை பார்த்தவர். கராஜில் நாற்காலி கேட்க மாட்டார். கவிழ்த்த பெயின்ட் வாளிமேல் உட்கார்வார். வந்ததும் டாஷ்போர்டு ஓரத்துத் தகட்டைக் குனிந்து படித்தார். ஏற்கெனவே நாலைந்து தடவை படித்ததுதான். 242 என்று ஆரம்பித்தால் அசல் ஜிடிஓ. 237 என்றால் அது சாதா லெமான்ஸ் மாடல்; யாரோ ஜிடிஓ பட்டை ஒட்டி விற்கப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்து 37, இரண்டு கதவு ஹார்ட்டாப். 8 என்றால் 1968. பி என்றால் பான்டியாக் ஆலை. “இது எங்க வீட்டுப் பிள்ளை” என்றார்.

இஞ்சின் பிளாக்கின் முன்பக்கம் டபிள்யூடி என்று குத்தியிருக்கிறது: 400 கன அங்குலம், 350 குதிரைத் திறன், கையால் மாற்றுகிற கியர். அந்த வருஷம் செய்த 87,684 ஜிடிஓவில் இது ஒன்று. நம்பர் எல்லாம் பொருந்துகிற வண்டி. 56 வயதாகிறது, காகிதத்தில் ஒரு பிசகு இல்லை.

ஜிடிஓவை இந்த ஊரில் செல்லமாக ‘ஆடு’ என்பார்கள். அதைச் சொன்ன நாளிலிருந்து சின்னவளுக்கு இது ஆட்டுக்குட்டி. 1,600 கிலோ ஆட்டுக்குட்டி.

அவர் வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தெரிந்திருக்கும்.

ஜூன் 19, புதன்

விசா வக்கீலம்மாவோடு அரை மணி நேரம். குறித்துக்கொண்டே வந்தேன். தேதி கடப்பதற்குள் இன்னொரு கம்பெனி எனக்காக விசா மனுப் போட வேண்டும். இல்லையென்றால் சுற்றுலா வந்தவன் மாதிரி இருக்க அனுமதி கேட்டு ஒரு படிவம் கொடுக்கலாம். இருக்கலாம், வேலை பார்க்கக் கூடாது. 12 வருஷம் வரி கட்டியவன் சுற்றுலாப் பயணி.

இரவு தூக்கம் வராமல் பழைய கதை ஒன்று படித்தேன். 1960களில் ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி: நடுத்தர அளவு வண்டியில் 330 கன அங்குலத்துக்கு மேல் இஞ்சின் வைக்கக் கூடாது. பான்டியாக்கில் தலைமை எஞ்சினியர் டிலோரியனும் அவர் கூட்டாளிகளும் 389 கன அங்குல இஞ்சினை நடுத்தர வண்டியான டெம்பெஸ்டில் வைக்க ஆசைப்பட்டார்கள். 1964இல் வைத்தும்விட்டார்கள். புது மாடல் என்று சொல்லவில்லை. டெம்பெஸ்ட் லெமான்ஸோடு காசு கொடுத்து வாங்கிக்கொள்கிற ஆப்ஷன் என்றார்கள். விதி மாடலுக்குத்தானே, ஆப்ஷனுக்கு இல்லையே. படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஜிடிஓ பிறந்ததே அப்படி.

ஜூன் 22, சனி

கயிறு.

பான்டியாக் இஞ்சினில் கிராங்க்கின் பின்முனையில் எண்ணெயை மறிப்பது ரப்பர் சீல் இல்லை, கயிறு. பாதி பிளாக்கில், பாதி அதை மூடுகிற கேப்பில். கிராஃபைட் தடவிய, சுண்டுவிரலை விட ஒல்லியான பின்னல் கயிறு. அதை எண்ணெயில் ஊறவைத்து, பள்ளத்தில் கிடத்தி, உருண்டைக் கம்பியால் உருட்டி உருட்டி அமுக்க வேண்டும். அமுங்க அமுங்க நீளம் கூடி, இரண்டு முனையும் மேலே துருத்திக்கொண்டு வரும். புது பிளேடால் ஒரே வெட்டு. இரண்டாவது வெட்டு வெட்டினால் பிசிறு நிற்கும்.

நான் மூன்று வெட்டு வெட்டினேன்.

எல்லாவற்றையும் மூடி, பின் கேப்பை 120 அடி-பவுண்டுக்கு முறுக்கி, இடைவெளியை அளக்கிற மெழுகு நூலான பிளாஸ்டிகேஜ் வைத்துப் பார்த்தேன். முன்னால் உள்ள நாலு பேரிங்கிலும் மெழுகு நூல் ஒரே அகலத்துக்கு நசுங்கியிருக்கிறது. ஐந்தாவதில் மட்டும் நசுங்கவே இல்லை. கேப்புக்கும் பிளாக்குக்கும் நடுவே ஒரு நார் மாட்டியிருக்கிறது. மயிரிழை. அது அத்தனை முறுக்கையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

கழற்றினேன்.

ஜூன் 24, திங்கள்

காலை பத்துக்கு அப்பா கூப்பிட்டார். வீடியோவில் கயிற்றைக் காட்டினேன். சிங்காநல்லூரில் பம்ப் பட்டறையில் நாற்பது வருஷம் நின்றவர். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“ஏங்கண்ணு, இது நம்ம கிளாண்டு கயிறல்லோ? அமெரிக்காக்காரனும் இதயேதான் வெச்சிருக்கானா?”

ஒழுகாமல் போட என்ன வழி என்று கேட்டேன்.

“ஒழுகாம எதுக்குப் போடறே? சொட்டுச் சொட்டா ஒழுகோணும். முழுசா இறுக்கிட்டா தண்டு சூடேறித் தேஞ்சு போயிரும்.”

“இது பம்ப் இல்லீங்கப்பா, இஞ்சின்.”

“சுத்தற தண்டு எல்லாம் தண்டுதான் போ.”

வைக்கும்போது, இன்னைக்கு ஆபீஸ் லீவா என்றார். ஆமாங்கப்பா என்றேன்.

ஜூன் 27, வியாழன்

இரண்டாவது கயிறு. ஒரே வெட்டு. ஐந்து நூலும் ஒரே அகலம்.

சந்தோஷத்தை யாரிடம் சொல்வது. இவள் மீட்டிங்கில் இருந்தாள். கதவிடுக்கில் நின்று கட்டைவிரலைக் காட்டினேன். வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்து எழுந்தே நின்றுவிட்டாள்.

ஜூலை 1, திங்கள்

40.

ஜூலை 4, வியாழன்

வாணவேடிக்கை. ஆட்டுக்குட்டி பயப்படும் என்று கராஜ் கதவை மூடிவிட்டு வந்தாள் சின்னவள். செப்டம்பரில் நாலாம் வகுப்பு. எங்கே என்று அவளும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

ஜூலை 11, வியாழன்

மூன்றாவது சுற்று நேர்காணல். பேட்டரியைக் குளிர்விக்கும் தட்டு பற்றி நாற்பது நிமிஷம் பேசினேன். எனக்கு மனப்பாடம். வார இறுதியில் என்ன செய்வீர்கள் என்று அந்தப் பெண் கேட்டார். கேலனுக்குப் பத்து மைல் கொடுத்தால் அதிசயம் என்கிற வண்டியைச் சரிசெய்கிறேன் என்று மின்கார் கம்பெனியிடம் சொல்ல முடியுமா? தோட்டவேலை என்றேன். வீட்டில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது. பொய் இல்லை.

ஜூலை 13, சனி

இஞ்சின் இறங்கியது. பெரியவர் கொண்டுவந்த கிரேன். இவள் வால்வைத் திருகி அங்குலம் அங்குலமாக இறக்க, நான் வண்டிக்கடியில் படுத்துக் கியர்பாக்ஸ் தண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “கொஞ்சம், கொஞ்சம், நிறுத்து!” என்று கத்தி இரண்டு பேருக்கும் தொண்டை போய்விட்டது. சண்டை போடாமல் சேர்ந்து இவ்வளவு நேரம் ஒரு வேலை செய்து எத்தனை மாதம். மதியம் தக்காளிச் சாதம். பெரியவர் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூலை 18, வியாழன்

“மன்னிக்கவும், இந்த முறை வேறொருவரை” என்று ஆரம்பிக்கிற மின்னஞ்சல். இது ஒன்பதாவது.

முன்பக்கத் தரைத்தகட்டில் வெல்டிங். குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பு 56 வருஷமாகத் தின்ற தகடு. ஸ்க்ரூடிரைவரால் தொட்டால் அப்பளம் மாதிரி உடைகிறது. நல்ல இரும்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். வெட்டிக்கொண்டே போனேன். வெட்டத் தேவையில்லாததையும் கொஞ்சம் வெட்டிவிட்டேன்.

ஜூலை 20, சனி

புருவம் போச்சு.

வரிசையாகச் சொல்கிறேன். பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக நீளத் தண்டு விட்டு, ட்ரில்லால் ஆயில் பம்பைச் சுழற்றினேன். முதலில் ட்ரில் சும்மா சுற்றும். எண்ணெய் ஏறியதும் சட்டென்று திணறும், மணிக்கட்டைப் பிடித்து இழுக்கும். மீட்டர் முள் எழுந்தது. அப்போது போன். ஆள்பிடிக்கிற ஒருவர், சான் அன்டோனியோவில் ஒரு வேலை, ஆறு மாத ஒப்பந்தம். நான் எதிர்பார்ப்பது அது இல்லை. பேசி முடித்து வந்து, ஒன்றாம் நம்பர் பிஸ்டன் மேலே வந்திருப்பதைப் பார்த்து டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டினேன்.

கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் பிஸ்டன் இரண்டு தடவை மேலே வரும். அமுக்கத்தில் ஒன்று, புகையைத் தள்ளுவதற்கு ஒன்று. பிளக் ஓட்டையில் விரலை வைத்தால் காற்று தள்ளுகிறதா இல்லையா என்று எந்தக் கத்துக்குட்டிக்கும் தெரியும். விரலை வைக்கவில்லை.

செல்ஃப் அடித்தேன். கார்புரேட்டர் வாய் வழியாக ஒரு முழத்துக்குத் தீ. குனிந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். பெரியவர் வாளியிலிருந்து எழாமலே, 180 டிகிரி தப்பு என்றார்.

ஜூலை 21, ஞாயிறு

திருப்பி மாட்டினேன். தீப்பொறி போகிற வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒவ்வொரு வயரையும் சின்னவள் வாய்விட்டுப் படித்தாள்.

இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

வால்வுகளைத் திறக்கிற கேம் தண்டைப் புதிதாகப் போட்ட இஞ்சினைப் பிடித்ததும் ஐட்லில் விடக் கூடாது. 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் வைத்து 20 நிமிஷம் ஓட்ட வேண்டும், அப்போதுதான் கேமும் டாப்பெட்டும் ஒன்றோடொன்று பழகும். ஐட்லில் விட்டால் தேய்ந்துபோகும். 20 நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று இன்றுதான் தெரிந்தது. ஏழாவது நிமிஷம் எக்ஸாஸ்ட் பெயின்ட் புகைந்தது. பத்தாவதில் பக்கத்து வீட்டு நாய். பதினான்கில் யாரோ தெருவில் நின்று கையை ஆட்டினார்கள், வாழ்த்தா திட்டா தெரியவில்லை. வெப்ப முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதத்தில் அந்த இருபது நிமிஷம்தான் தேதியை நினைக்கவில்லை.

நிறுத்திய பிறகு காது ரீங்கரித்தது. இவள் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். புகைதான் என்றாள்.

ஜூலை 23, செவ்வாய்

காலனி சங்கத்திலிருந்து சத்தம் பற்றிக் கடிதம். வரைந்த புருவத்தோடு படித்தேன். வரைந்தது கண்மையில்.

ஜூலை 26, வெள்ளி

வண்டிக்கடியில் அட்டை போட்டு வைத்திருந்தேன். காலையில் மூன்று சொட்டு. இஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற பெல் ஹவுசிங்குக்கு நேர் கீழே. கயிறுதான்.

மத்தியானம் வரை அந்த மூன்று சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்காத நேரம் மனசுக்குள் பார்த்தேன். மறுபடி இஞ்சினை வெளியே எடுத்தால் ஒரு வாரம். 15தான் பாக்கி.

ஜூலை 29, திங்கள்

அப்பா. அட்டையைக் காட்டினேன். “மூணு சொட்டா? நல்லாப் போட்டிருக்கே கண்ணு” என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “நானும் ஒரு மாசமாப் பாக்கறேன். திங்கக்கெழமை பத்து மணிக்கு வீட்டுல இருக்கே. என்னன்னு நீயாச் சொல்றப்ப சொல்லு. இங்க மேல் ரூம்புக்கு வெள்ளையடிச்சாச்சு.”

ஆகஸ்ட் 2, வெள்ளி

தெருவைச் சுற்றி முதல் ஓட்டம். இரண்டாவது கியரில் மிதித்தபோது சீட் முதுகில் அறைந்தது. சின்னவள் கத்தினாள். பிரேக் இடதுபக்கம் இழுக்கிறது.

மூன்று சொட்டு.

ஆகஸ்ட் 5, திங்கள்

சுற்றுலாப் பயணி படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். ‘வருகையின் நோக்கம்’ பற்றி ஒரு பத்தி எழுத வேண்டுமாம். வக்கீலம்மா எழுதித் தந்ததில் கார் வரவில்லை.

வுட்வர்ட் டிரீம் குரூஸ் 17ஆம் தேதி. 1995இலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை. ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரை ரோடு கொள்ளாமல் பழைய வண்டிகள். என் கெடு முடிந்து எட்டு நாள் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

விற்பனை விளம்பரம் போட்டது இவள். படம் எடுத்தது நான். என்னைக் கேட்டுத்தான் போட்டாள். கேட்டபோது சரி என்றேன். இப்போது அவளோடு பேசவில்லை. நியாயமில்லை என்று தெரியும்.

ஆகஸ்ட் 7, புதன்

நாலு சொட்டு.

ஆகஸ்ட் 8, வியாழன்

நாளை காலை பத்து மணிக்கு ஒகையோவிலிருந்து ஒருவர் வண்டி பார்க்க வருகிறார். பெரியவர் கேள்விப்பட்டு வந்து, வாளியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனார். அந்த அட்டையை எடுத்து எங்கேயாவது ஒளித்து வை என்றாள் இவள். எடுத்தேன். அந்த இடத்தில் புது அட்டை போட்டேன், வெள்ளையாக, சொட்டு நன்றாகத் தெரிகிற மாதிரி.