பில்லின் கண் நின்றது, பென் இன்னும் முரண்டு பிடிக்கிறான்

நான் செய்துகொண்டிருக்கும் ரெண்டு மாடல் ரயில் எஞ்சின்கள் பில்லும் பென்னும். நேற்று ராத்திரி பில்லின் கண்கள் இடமிருந்து வலம் போயின. போன இடத்திலேயே நின்றன. இதில் ரெண்டாவதுதான் செய்தி. போகச் சொன்னால் எந்த சர்வோவும் (சிக்னல் சொல்லும் கோணத்துக்குத் திரும்பும் குட்டி மோட்டார்) போகும்; சிக்னலை நிறுத்தின பிறகும் ஆடாமல் அசையாமல் நிற்க வைப்பதற்குத்தான் இத்தனை பாடு. பென்னுக்கும் அதே சர்வோ, அதே கம்பி, அதே புரோகிராம். ஆனால் அவன் கண் மட்டும் நின்ற இடத்திலிருந்து மெல்ல மெல்ல இடப்பக்கம் நழுவி, கடைசியில் தன் டிரைவர் கூண்டின் ஓரத்தையே வெறித்துப் பார்க்கிறது.

முகம் வைத்த ரயில் எஞ்சின்கள் வரும் 'தாமஸ் அண்ட் ஃபிரெண்ட்ஸ்' என்ற குழந்தைகள் டிவி தொடரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ரெண்டு மஞ்சள் குட்டிகளையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1984-ல் தொடங்கிய அந்தத் தொடரில் பில்லும் பென்னும் 1986-ல், ரெண்டாம் சீசனில் வந்தார்கள். அப்போதெல்லாம் எல்லாமே நிஜ மாடல்தான். 45 மி.மீ. தண்டவாளம், கேஜ் 1, அதாவது 1:32, நிஜத்தில் 32-ல் ஒரு பங்கு. முகத்தைக் களிமண்ணில் வடித்து ரெசினில் வார்த்து, சிரிப்புக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று என்று காட்சிக்குக் காட்சி கழற்றி மாட்டினார்கள். இமை, வாய், புருவம் எதுவும் அசையாது. அசைந்தது கண் மட்டும்தான், அதுவும் ரேடியோ கன்ட்ரோலில். 2009 வாக்கில் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. எனக்கு அந்தப் பழைய கண்தான் வேண்டும். கம்ப்யூட்டர் முகம் எவ்வளவு நெளிந்தாலும், அசையாத ரெசின் முகத்தில் கண் மட்டும் சட்டென்று திரும்பும்போது வருகிற குறும்பு அதில் வரவே வராது. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

சரி, கண்ணை வைக்க ஏன் இவ்வளவு திண்டாட்டம்? காரணம் இங்கிலாந்தில் ஒரு பாலம். கார்ன்வால் பக்கம் பார் என்று ஒரு சின்னத் துறைமுகம், பீங்கான் மண் ஏற்றுமதிக்குப் பேர்போனதாக இருந்தது. துறைமுகத்துக்குள் போகும் லைன், பெரிய லைனுக்கு அடியில் ஒரு தாழ்ந்த பாலத்தின் வழியாக நுழைந்தது. சுமார் 8 அடிக்குள் அடங்கினால்தான் எஞ்சின் உள்ளே போக முடிந்தது. அதற்காகவே ஸ்டாஃபோர்டில் இருந்த பேக்னல் கம்பெனி செய்துகொடுத்த குள்ள எஞ்சின்கள் ஜூடியும் ஆல்ஃபிரெடும். ஜூடி 1937, ஆல்ஃபிரெட் 1953. ரெண்டும் 0-4-0, அதாவது நாலே சக்கரம், கொதிகலன் முதுகில் சேணம் போட்ட மாதிரி தண்ணீர்த் தொட்டி. பில்லுக்கும் பென்னுக்கும் மூலம் இந்த ஜோடிதான். இப்போது ரெண்டும் கார்ன்வாலிலேயே போட்மின் ரயில்வேயில் இருக்கின்றன.

8 அடி என்பது 1:32-ல் 76 மி.மீ. புகைபோக்கி, கூரை எல்லாம் சேர்த்தே அவ்வளவுதான். அதில் சக்கரம், மோட்டார் போக, முகத்துக்குப் பின்னால் எனக்குக் கிடைத்த குழி 36 மி.மீ. விட்டம், 40 மி.மீ. ஆழம். மேலிருந்து புகைக் குழாய் வேறு இறங்குகிறது. எல்லோரும் வாங்கும் நீல நிற எஸ்ஜி90 சர்வோ ஒன்றை வைத்தாலே பாதிக் குழி போச்சு. எனக்கு ரெண்டு வேண்டும், பக்கவாட்டுக்கு ஒன்று, மேல்கீழுக்கு ஒன்று. அதனால் 3.7 கிராம் குட்டி சர்வோ. 8.5 மி.மீ.தான் தடிமன், ரெண்டை ஒட்டி நிறுத்தினாலும் 17-க்குள் முடிகிறது.

இதுவரை யாரும் செய்யலாம். இனிமேல்தான் வினை.

கண் என்பது 10 மி.மீ. அக்ரிலிக் மணி. பின்பக்கம் 5 மி.மீ. நீளத்துக்கு ஒரு கை. ரெண்டு கையையும் ஒரு குறுக்குக் கம்பி இணைக்கிறது. அந்தக் கம்பியை 0.8 மி.மீ. ஸ்டீல் ஒயர் தள்ளுகிறது, இழுக்கிறது. ஒயர் நுழையும் துளையில் 0.1 மி.மீ. ப்ளே, அதாவது தளர்வு, இருந்தால்? 5 மி.மீ. கையில் அது ஒரு டிகிரிக்கு மேல். இப்படி ரெண்டு மூட்டு. சர்வோவின் கியரில் அதற்கென்று ஒரு டிகிரி. மொத்தம் 3 டிகிரி என்றால் கருவிழி கால் மி.மீ. நகரும். மேசையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கேமராவை முகத்துக்கு நேரே கொண்டுபோய் டிவியில் போட்டுப் பாருங்கள், ஜுரம் வந்தவன் கண் மாதிரி துடிக்கும். எஞ்சின் ஓடும்போது தண்டவாள இணைப்பில் விழுகிற ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு துடிப்பு.

துளையை இறுக்கலாமே என்று தோன்றும். இறுக்கினால் உராய்வு ஏறி, சர்வோ பாதி வழியில் முனகிக்கொண்டு நிற்கும். சூடாகும். துளைக்குள் பித்தளை புஷ் (சின்னக் குழல்) போட்டுப் பார்க்கலாம், போட்டேன், கொஞ்சம் குறைந்தது. சரியான வழி ப்ளேயை ஒழிப்பது இல்லை, அதை எப்போதும் ஒரே பக்கமாகத் தள்ளி வைப்பது. குறுக்குக் கம்பியை ஒரு மெல்லிய ஸ்ப்ரிங் எந்நேரமும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தால், எல்லா மூட்டும் ஒரே விளிம்பில் சாய்ந்து நிற்கும். துடிக்க இடமே இல்லை.

எவ்வளவு மெல்லிய ஸ்ப்ரிங்? இதில்தான் என் வாழ்க்கையே ஓடிக்கொண்டிருக்கிறது. பேனா ஸ்ப்ரிங் கட்டைக்கு உதவாது, அத்தனை முரடு. வளையல் கோக்கிற எலாஸ்டிக் நூல் முதலில் அற்புதமாக இருந்தது. நம்ம ஊர் வெயிலில் ஒரு வாரத்தில் தொய்ந்துவிட்டது. கடைசியில் கைகொடுத்தது பழைய டிவிடி டிரைவ். உள்ளே தட்டை இழுக்கும் பொறியில் தலைமுடி போல் ஒரு இழுவை ஸ்ப்ரிங் இருக்கும், அதில் நாலு சுற்றை வெட்டி எடுத்தால் போதும். வீட்டில் பழைய டிரைவ் கிடந்தால் தயவுசெய்து காயலான் கடையில் போடாதீர்கள்.

ஆனால் இன்னொரு கண்ணி இருக்கிறது. சர்வோ நின்ற இடத்தில் சிக்னல் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது சும்மா இராது. 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை தன்னைத் திருத்திக்கொண்டே 'ர்ர்ர்' என்று கத்தும், கண்ணும் மயிரிழை நடுங்கும். அதனால் கண் போய்ச் சேர்ந்ததும் சிக்னலை அறுத்துவிடுகிறேன். அதற்குப் பிறகு கண்ணைப் பிடித்து வைத்திருப்பது கியரின் உராய்வு மட்டும்தான். ஸ்ப்ரிங் ப்ளேயை உறிஞ்சும் அளவுக்குப் பலமாகவும், கியரைப் பின்னால் சுழற்றிவிடாத அளவுக்கு நோஞ்சானாகவும் இருக்க வேண்டும். இந்த ரெண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, சத்தியமாக, அரைச் சுற்று ஸ்ப்ரிங்.

பில்லுக்கு அது அமைந்துவிட்டது. பென்னின் சர்வோ கியர் கொஞ்சம் வழவழப்பு போலிருக்கிறது, ஸ்ப்ரிங் ஜெயித்துவிடுகிறது. ஒரே பெட்டி, ஒரே ஸ்டிக்கர், ஒரே கடை. நடுப்புள்ளிக்கு சிக்னல் துடிப்பின் நீளம் 1500 மைக்ரோசெகண்ட் என்று தாளில் போட்டிருக்கிறான். பில்லுக்கு நேர்ப்பார்வை 1470, பென்னுக்கு 1540. ஆகவே ஆளுக்கொரு திருத்தப் பட்டியல் சர்வோவை ஓட்டும் இஎஸ்பி32 சிப்பின் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கிறது. அச்சு அசலாக ஒரே மாதிரி ரெண்டு செய்கிறேன் என்று கிளம்பினால் ஒரே மாதிரி எதுவுமே கடையில் கிடைக்காது என்பது தெரிகிறது.

கடை என்றதும் ஒன்று. சென்னை ரிச்சி தெருவில் சர்வோ வாங்கும்போது கவுண்டரிலேயே டெஸ்டரில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். நான் வழக்கமாகப் போகும் கடைக்காரர் இப்போது என்னைப் பார்த்ததுமே பெட்டியை எடுத்து முன்னால் கவிழ்த்துவிடுகிறார்.

"பொறுக்குங்க சார், எது ஜோடி சேருதோ எடுத்துக்குங்க. கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ பொருத்தம் பார்க்க மாட்டாங்க."

"பல்லு மெட்டல்ல இதே சைஸ் வருமாண்ணே?"

"வரும், ரெண்டு மடங்கு விலை. சொல்லி வெக்கிறேன்."

ரெசின் பாரிமுனைப் பக்கம் கிலோ கணக்கில் கிடைக்கிறது. ஆன்லைனில் ஒன்றை வரவழைத்தேன், பேர் சொல்லவில்லை, மூடி கசிந்து பாதி உறைந்து வந்து சேர்ந்தது, ரிட்டர்ன் கிடையாதாம். பாலியூரித்தேன் வார்ப்பவர்களுக்குத் தெரியும், அதற்கு ஈரம் ஆகாது. காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து கரியமிலவாயுவை விட்டு, முகம் முழுக்க அம்மைத் தழும்பு. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை வார்ப்புக்குச் சுத்தமாக உதவாது. பாட்டிலைத் திறந்தால் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் வைத்துவிடுங்கள். அப்புறம், கந்தகம் கலந்த களிமண்ணில் வடித்துவிட்டு அச்செடுக்க அதன்மேல் பிளாட்டினம் வகை சிலிக்கானை ஊற்றினால் காலம் முழுக்கப் பிசுபிசுவென்றே கிடக்கும், உறையாது. டின் (வெள்ளீயம்) வகை சிலிக்கான் வாங்குங்கள், விலையும் குறைவு.

முகம் ரெண்டு பேருக்கும் ஒரே அச்சுதான். பின்னால் 3 மி.மீ. காந்தம் மூன்று, டப்பென்று ஒட்டிக்கொள்ளும். இதுவரை சாதாரண முகம், திருட்டுச் சிரிப்பு, 'நானில்லை அவன்தான்' முகம் மூன்றும் தயார். மூன்றாவதில் எனக்கே கர்வம். இடது வாயோரம் அரை மி.மீ. கீழே, அவ்வளவுதான் வித்தியாசம். வலப்பக்கம் கண்ணைத் திருப்பி அந்த முகத்தை மாட்டினால், பக்கத்தில் யார் நின்றாலும் மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம்.

புகை விஷயத்திலும் ஒரு வழக்கு ஓடுகிறது. சின்ன மாடலில் புகை நிஜமாகத் தெரிய, அளவின் வர்க்கமூலத்தால் கேமராவின் ஃபிரேம் வேகத்தைக் கூட்டிப் படம் எடுத்து, சாதாரண வேகத்தில் மெதுவாக ஓட்ட வேண்டும். 32-க்கு வர்க்கமூலம் சுமார் 5.66, செகண்டுக்கு 24 ஃபிரேமை அதால் பெருக்கினால் 136. போனில் 120 ஃபிரேம் இருக்கிறது, கிட்டத்தட்ட சரி. ஆனால் 120-ல் எடுத்து 24-ல் ஓட்டினால் எல்லாமே அஞ்சு மடங்கு மெதுவாகும்; திரையில் கண் 0.4 செகண்டில் திரும்ப வேண்டுமென்றால், நிஜத்தில் 0.08 செகண்டில் திரும்பியாக வேண்டும். சர்வோவால் அது முடியும், ஆனால் மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்கும் அந்த நளினம் போய்விடும், வெட்டி இழுத்த மாதிரி இருக்கும். அதனால் கண் காட்சியில் புகை இல்லை, புகைக் காட்சியில் கண் அசையாது என்று முடிவு. புகைச் சூடு கண் பொறிக்குப் படாமல் இருக்க, ஹீட்டரைக் கூண்டுக்குள் ஒளித்து வைத்து சிலிக்கான் குழாயில் முன்னால் கொண்டுவருகிறேன். டிரைவர் பொம்மைக்கு இடமில்லை. டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேமராவை அவ்வளவு தாழ இறக்குவது தனிக் கதை. டிவிக்காரர்கள் பெரிஸ்கோப் லென்ஸ் வைத்துக்கொண்டு எஞ்சினின் கண் மட்டத்திலேயே படம் பிடித்தார்கள். நான் போனைத் தலைகீழாகத் திருப்பி லென்ஸைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன். முக்கால்வாசி வேலை நடக்கிறது.

இதற்குள் அடுத்த ஜோடி மேல் ஆசை வந்துவிட்டது. அதே தொடரின் டொனால்டும் டக்ளஸும், ஸ்காட்லாந்துக் கறுப்பு எஞ்சின்கள். கேலடோனியன் ரயில்வேயின் 812 வகை, 1899-லிருந்து கட்டப்பட்ட 0-6-0. கொதிகலன் நீளம், பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் வண்டி வேறு. பேட்டரி, ஸ்பீக்கர், கன்ட்ரோலர் எல்லாவற்றையும் டெண்டரில் கொட்டிவிடலாம். முகத்துக்குப் பின்னால் எஸ்ஜி90 ரெண்டு தாராளமாக உட்காரும். அந்த வகையில் மிச்சமிருக்கும் ஒரே எஞ்சின் 828 ஸ்காட்லாந்தில் ஸ்ட்ராத்ஸ்பே ரயில்வேயில் இருப்பதால் படத்துக்கும் பஞ்சமில்லை. சக்கரத்துக்கு ஒரு லேத்துக்காரரிடம் பேசியாகிவிட்டது, ஆறு சக்கரம் என்றதும் பன்னிரண்டாகச் செய்தால் விலை குறைப்பதாகச் சொன்னார். எனக்குப் பன்னிரண்டுதான் வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை.

பில், பென் பெயிண்ட் இன்னும் தொடவில்லை. மஞ்சளுக்கு அடியில் வெள்ளை பிரைமர் இல்லாவிட்டால் பச்சை பாய்கிற மாதிரி அழுக்காகத் தெரியும், அதனால் முதலில் பிரைமர், அது மழை விட்ட பிறகு. பெயர்ப் பலகையைப் பித்தளையில் எட்ச் பண்ணி, காந்தத்திலேயே ஒட்டப் போகிறேன். கழற்றினால் யார் எவன் என்று எனக்கே தெரியக் கூடாது.

முக்கியமான சோதனை ஒன்று பாக்கி. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்ணைத் திருப்பினால் சுத்த இயந்திரமாக இருக்கிறது. பில் முதலில் பார்த்து, பென் 0.15 செகண்ட் தாமதமாகப் பார்த்தால் கூட்டுக் களவாணிகள் ஆகிவிடுகிறார்கள். பென்னைக் கையால் பிடித்து நிறுத்திக்கொண்டு எடுத்த துண்டு வீடியோவிலேயே அது தெரிந்தது. தாமதத்தை 0.1-க்கும் 0.2-க்கும் நடுவில் எங்கே வைப்பது என்பதை மெட்டல் கியர் சர்வோ வந்ததும் பார்க்க வேண்டும். கடைக்காரர் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அதுவும் நழுவினால், பென்னின் ஸ்ப்ரிங்கை எதிர்ப்பக்கம் மாட்டிவிட்டு வலப்பக்கம் நழுவட்டும் என்று விட்டுவிடுவேன். பில் நிற்பது அந்தப் பக்கம்தான்.