எண்ணெய்க் குப்பியும் எவர்சில்வர் தட்டும்

வீட்டு உலோகச் சாமான்கள் குண்டைத் தாங்குமா என்று ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்க்கிறேன். அதில் மூன்று வாரமாக ஓர் எவர்சில்வர் தட்டு என்னை ஆட்டிப் படைத்தது. தடிமன் அரை மில்லிமீட்டர். வெர்னியரில் நான்கு இடங்களில் அளந்தாயிற்று. 10 மீட்டரிலிருந்து 0.177 அங்குல ஏர் ரைஃபிளால் சுட்டால் பத்தில் ஒன்பது குண்டுகள் குழி மட்டும் போடும். ஒன்று மட்டும் பொத்துக்கொண்டு போய்விடும்.

முதலில் கிளாம்பைச் சந்தேகித்தேன். இறுகப் பிடித்த இடத்தருகே பட்டால் தகடு வளைந்து கொடுக்க வழியில்லை. கயிற்றில் தொங்கவிட்டேன், அப்படியும் பொத்தது. தட்டு ஊஞ்சலாடி வேகத்தை வாங்கிக்கொள்ளும் என்று நினைத்திருந்தால் மறந்துவிடுங்கள். குண்டு நசுங்கி முடிந்த பிறகுதான் அது அசையவே தொடங்குகிறது. அடுத்து குண்டுகளை எடைபோட்டேன். டப்பாவில் 0.53 கிராம் என்கிறார்கள்; எனக்கு 0.51 முதல் 0.55 வரை வந்தது. இந்த விலைக்கு இந்த லட்சணம்! ஆனால் பொத்தல்களுக்கு அதுவும் காரணமில்லை.

கடைசியில் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப். நொடிக்கு 175 மீட்டர், 174, திடீரென்று 412! எல்.இ.டி. விளக்கின் கண்ணுக்குத் தெரியாத துடிப்பை அது குண்டின் நிழலாக எண்ணிக்கொள்கிறது. பழைய குண்டு பல்பு ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டுவதற்குள் ஒரு ஞாயிறு போய்விட்டது. பிறகுதான் உண்மையான எண்கள் வந்தன: எல்லாம் 175 மீட்டரை ஒட்டி, ஒன்று மட்டும் 196. தட்டைப் பொத்ததும் அதுதான். கூடவே லேசான கருகல் வாசனை.

டீசலிங்! ரைஃபிளில் காற்றை அழுத்தும் பிஸ்டன் கரகரத்தால் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது என் வழக்கம். அழுத்தத்தில் சூடேறிய காற்றில் அந்தச் சொட்டு பற்றிக்கொண்டு, குண்டின் ஆற்றலை 8 ஜூலிலிருந்து 10 ஜூலுக்கு ஏற்றிவிட்டது. தட்டின் தாங்குதிறன் அந்த இரண்டு ஜூலுக்கு நடுவே எங்கேயோ இருக்கிறது. மூன்று வாரம் நான் தட்டைத் திட்டியதற்கு அதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மற்றவை: பிஸ்கட் டின் மூடி எல்லாக் குண்டுக்கும் வழிவிட்டது. வார்ப்பிரும்பு வாணலியில் ஈயம் அப்பளமாக ஒட்டிக்கொண்டது. அதை நம்பிப் பெருமை பேச முடியாது, 9 மி.மீ. கைத்துப்பாக்கிக் குண்டு ஏறத்தாழ 500 ஜூல், வார்ப்பிரும்போ நொறுங்கும் சாதி. பி.பி. எனப்படும் சின்ன எஃகு உருண்டைக் குண்டை வாணலிப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், நம்மிடமே திரும்பி வரும்.

அடுத்தது மூக்குக்கண்ணாடிக் கூடு. 1912 அக்டோபரில் அமெரிக்காவின் மில்வாக்கியில் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டைச் சுட்டபோது, மார்புப் பையில் இருந்த உலோகக் கூடும் இரண்டாக மடித்த 50 பக்க உரையும் குண்டின் வேகத்தைக் குறைத்தன. அப்படியும் அது நெஞ்சில் தங்கிவிட்டது. கூடு கிடைத்துவிட்டது, தாளும் மடித்தாயிற்று. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க என் கிளாம்பின் வாய்தான் போதவில்லை.