பதிவேட்டில் ஒரு வரி

பிப்ரவரி 4

தம்பிக்கு விபத்து நடந்து இன்றோடு பன்னிரண்டு நாள். படுக்கையில் இருந்தபடி அவன் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "அக்கா, நான் சாலையில் எவ்வளவு நேரம் கிடந்தேன்?" பக்கத்தில் இருந்தவர்கள் உடனே காவல்துறைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்களாம். அப்படியானால் அழைப்பு வந்த நேரமும் ரோந்து வாகனம் கிளம்பிய நேரமும் ஏதோ ஒரு பதிவேட்டில் இருந்தே ஆக வேண்டும். அதையும், விபத்து தொடர்பான மற்ற எல்லா ஆவணங்களையும் கேட்டு, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் காவல்துறைக்கு மனு எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 5

மனுவை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேசையில் இருந்தவர் இரண்டு வரி படித்துவிட்டு, "இதெல்லாம் உங்களுக்கு எதற்கம்மா?" என்றார். இந்தியாவின் 2005 தகவல் உரிமைச் சட்டத்தில், மனுதாரர் காரணம் சொல்லத் தேவையில்லை என்று 6ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் சீருடைக்கு எதிரே நின்றுகொண்டு "சொல்ல மாட்டேன்" என்பதற்கு எத்தனை பேருக்கு நா எழும்? எனக்கு எழவில்லை. தம்பியின் கதை முழுவதையும் சொன்னேன். மனுவை வாங்கிக்கொண்டார். ஒப்புகைச் சீட்டு கேட்டதற்கு, "அதெல்லாம் வழக்கமில்லை" என்றார்.

பெற்ற தேதிக்குச் சான்று இல்லையென்றால் அவர்கள் பதில் தர வேண்டிய கெடு என்றைக்கு முடிகிறது என்று யாரிடம் போய்க் கேட்பது? இன்னொரு பிரதி எடுத்துப் பதிவுத் தபாலுக்கு வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 20

பதில் வந்தது. "கோரிய விவரம் தெளிவாக இல்லை." கோபம் அடங்கியபின் யோசித்தால், "எல்லா ஆவணங்களும்" என்று நான் கேட்டதுதான் அவர்களுக்குப் பிடிமானமாகியிருக்கிறது. பிரிட்டனில்கூட, கேட்ட தகவலைத் தேடி எடுக்க 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று காவல்துறை கணக்குக் காட்டினாலே மறுத்துவிடலாம். எனவே மனுவைச் சுருக்கினேன்: ஒரே பதிவேடு, ஒரே தேதி, இரவு 9 முதல் 11 வரை. அந்தப் பதிவேட்டை அவர்கள் எந்தப் பெயரில் அழைக்கிறார்கள் என்பதை ஓய்வு பெற்ற காவலர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெயர் பிசகினால் "அப்படி ஒரு பதிவேடு இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்களாம்.

மார்ச் 2

இன்று மனது ஆறவில்லை. விபத்து நடந்த சாலைச் சந்திப்பின் கண்காணிப்பு கேமரா காட்சிகள் 30 நாளில் தானாக அழிந்துவிடுமாம். என் மனு அவர்கள் மேசையில் கிடந்தபோதே அழிந்திருக்கிறது. அழிக்காமல் பாதுகாத்து வையுங்கள் என்று முதல் நாளே தனிக் கடிதம் கொடுத்திருக்க வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து அதை முதலில் செய்யுங்கள்.

தானாக அழிவது ஒருபுறம், முடிவெடுத்து அழிப்பது மறுபுறம். கலிபோர்னியாவில், காவலர்களின் துப்பாக்கிச் சூடு குறித்த ஆவணங்களைத் திறந்துவிடும் சட்டம் 2019 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில வாரம் முன்பு, 2018 டிசம்பரில், அங்குள்ள இங்கிள்வுட் நகர மன்றம் பழைய காவல் ஆவணங்களை அழிக்க ஒப்புதல் கொடுத்தது. படித்தபோது வயிறு எரிந்தது.

மார்ச் 19

"விசாரணை நிலுவையில் உள்ளதால் வழங்க இயலாது." கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் இருக்கின்றன. ஆறு வாரத்தில் இன்றுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன். வாய்ப்பேச்சில் "நாளை வாருங்கள்" என்று அலையவிட்டால் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது? இப்போது கையில் ஒரு மறுப்பு இருக்கிறது.

விசாரணை நடக்கிறது என்பது மட்டுமே மறுக்கக் காரணமாகாது, தகவலைத் தந்தால் அது எப்படித் தடைபடும் என்று காட்ட வேண்டும் என்று டில்லி உயர் நீதிமன்றம் 2007இல் சொன்னது. மேல்முறையீட்டில் அந்த வாதத்தையே வைத்தேன். ஒரு வாகனம் கிளம்பிய நேரத்தைச் சொன்னால் எந்தச் சாட்சி கலைந்துவிடும்?

ஏப்ரல் 28

உறை வந்தது. உள்ளே ஒரே தாள், பதிவேட்டுப் பக்கத்தின் நகல். கையெழுத்து கோணல்மாணலாக, நீல மை சாம்பலாகத் தெரிகிறது. 9.42 அழைப்பு. அதற்கு அடுத்த வரி முழுவதும் கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் அடுத்தது: 10.19 வாகனம் புறப்பாடு.

தம்பியிடம் தாளைக் கொடுத்தேன். விரல் விட்டு எண்ணினான். "கிளம்பவே முப்பத்தேழு நிமிடமா?" பிறகு கறுப்புக் கோட்டின்மேல் விரலை வைத்து, "இதில் என்ன எழுதியிருக்கும், அக்கா?" என்றான்.

அந்த ஒரு வரிக்காக இரண்டாவது மேல்முறையீட்டை இன்றிரவே எழுதி முடித்தேன். பதிவுத் தபால் ரசீதை ஒட்ட நோட்டில் இடம் விட்டிருக்கிறேன்.