அல்ஜீரியாவில் பறிபோன குடியுரிமை

யூதர்களைக் குடிமக்களாக ஏற்ற பிரெஞ்சுப் புரட்சிச் சட்டத்தை, 1791 என்ற ஆண்டோடு பாடப்புத்தகங்கள் முடித்துவிடுகின்றன. வரலாற்று ஆசிரியரான எனக்கு அது போதவில்லை. அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவையும் சேர்த்தே வகுப்பில் சொல்கிறேன்.

1870 அக்டோபர் 24. பாரிஸ் பிரஷ்யப் படையின் முற்றுகையில் இருந்ததால், தூர் நகரில் கூடிய அரசுக் குழு ஓர் ஆணை பிறப்பித்தது. அதைக் கொண்டுவந்த நீதி அமைச்சர் அதோல்ஃப் கிரெமியூவும் யூதர்தான்; அவர் பெயரால் அது கிரெமியூ ஆணை எனப்படுகிறது. அதன்படி அல்ஜீரிய யூதர்களில் ஏறக்குறைய 35,000 பேர் பிரெஞ்சுக் குடிமக்கள் ஆனார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம்களோ தங்கள் மதச் சட்டத்தைக் கைவிட்டுத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்த அநீதியை விட்டுவிட்டுக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்த தலைமுறைகள் பிரெஞ்சுப் பள்ளிகளில் படித்தன. முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிரையும் கொடுத்தன. 1940இல் ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்றபின் பெத்தான் தலைமையில் அமைந்த விஷி அரசு, அக்டோபர் 7 அன்று அந்த ஆணையை ரத்து செய்தது. அல்ஜீரியாவை ஜெர்மன் படை ஆக்கிரமித்திருக்கவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு அரசு தன் குடிமக்களுக்குச் செய்த காரியம் இது. பள்ளிகளில் யூதப் பிள்ளைகளுக்கு 14 சதவீதம் என வரம்பு வந்தது. பிறகு அது 7 ஆனது. 1942இல் பள்ளி திறந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவன் 12 வயது ழாக் தெரிதா, பின்னாளின் தத்துவ அறிஞர். வருகைப் பதிவேட்டில் பெயர் வாசிக்கும் தொழிலில் இருப்பவன் நான். எந்தக் குற்றமும் செய்யாத பிள்ளையை வெளியே போகச் சொல்வதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

அதே ஆண்டு நவம்பர் 8 அதிகாலை, நேச நாட்டுப் படைகள் கரையிறங்க வழி செய்யும் பொருட்டு, சில நூறு இளைஞர்கள் அல்ஜியர்ஸின் முக்கிய இடங்களைக் கைப்பற்றினார்கள். பெரும்பாலோர் யூதர்கள், முன்னின்று நடத்தியவர் 22 வயது மருத்துவ மாணவர் ஜோசே அபுல்கர். நகரம் நேச நாடுகளின் கைக்கு வந்தது. யூதர்களின் குடியுரிமை மட்டும் வரவில்லை. 1943 மார்ச்சில் விஷிச் சட்டங்களை நீக்கிய, அப்போது அல்ஜீரியாவில் அதிகாரத்தில் இருந்த பிரெஞ்சுத் தளபதி ஜிரோ, கிரெமியூ ஆணையைத் தானும் ஒருமுறை ரத்து செய்தார். யூதர், முஸ்லிம் இடையே பேதம் கூடாதாம். முஸ்லிம்களுக்கும் உரிமை கொடுத்து அந்தப் பேதத்தைப் போக்கியிருக்கலாமே!

அக்டோபரில்தான் உரிமை திரும்பியது. ஜிரோவின் உத்தரவுக்கான விதிமுறைகள் உரிய காலத்தில் வெளியாகவில்லை, எனவே பழைய ஆணையே செல்லும் என்று பிரெஞ்சு அதிகாரிகள் அறிவித்தார்கள். ரத்து செய்தது தவறு என்று அந்த அறிவிப்பில் ஒரு வரிகூட இல்லை.